பழைய சட்டிக் கலப்பை: சட்டியை விடுங்கள், சட்டத்தைப் பாருங்கள்

ரோட்டவேட்டர் வந்த பிறகு மதுரையைச் சுற்றிய ஊர்களில் எத்தனையோ சட்டிக் கலப்பைகள் (சட்டி போல் குழிந்த வட்டத் தகடுகள் உள்ள டிஸ்க் கலப்பைகள்) களத்து ஓரத்திலும் கிணற்றடியிலும் புல் முளைத்துக் கிடக்கின்றன. அவற்றில் இன்னும் பல வருட உழைப்பு மிச்சமிருப்பவை நிறைய. ரோட்டவேட்டர் மேல்மண்ணை நாலைந்து அங்குலத்துக்குப் பொடியாக்கும். அதையே வருடக்கணக்கில் ஓட்டினால் அடிமண் இறுகி, பெய்கிற மழை உள்ளே இறங்காமல் வரப்பைத் தாண்டி ஓடிவிடும். திருமங்கலம், பேரையூர், தே. கல்லுப்பட்டிக் கரிசலிலும், உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிச் செவலிலும் கோடை உழவுக்கு மண்ணை 8 அங்குலத்துக்குப் புரட்டிப் போடச் சட்டிக் கலப்பைதான் தோது. அதைப் பழசாக வாங்குவதில் தவறில்லை, பார்த்து வாங்கத் தெரிந்தால்.

வாங்கப் போகிறவர் முதலில் தட்டிப் பார்ப்பது சட்டியை. அது தேயும் பொருள், கடையில் கிடைக்கும். பேரிங்கும் அப்படித்தான். எல்லாவற்றையும் தாங்கும் இரும்புச் சட்டமும் சட்டியைத் தாங்கும் கால்களும் கோணிப் போயிருந்தால் அவற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது பெரிய பாடு. மொட்டைச் சட்டியோடு நேரான சட்டம் கிடைத்தால் வாங்கலாம். புதுச் சட்டி மாட்டிய கோணல் சட்டம் இனாமாக வந்தாலும் வேண்டாம்.

எப்போது, யாரிடம்

சித்திரை மழைக்கு முன்னாலும் ஆவணி, புரட்டாசியிலும் கலப்பைக்குக் கிராக்கி இருக்கும். மார்கழியிலிருந்து மாசி வரை காட்டில் வெள்ளாமை நிற்கும், கலப்பை சும்மா கிடக்கும். விலை பேசவும், நிதானமாகப் பிரித்துச் சீர்செய்யவும் அந்த இரண்டு மூன்று மாதம் கைகொடுக்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அண்ணே, இது எந்தக் காட்டுல ஓடுச்சு?" என்பதுதான். மேலூர்ப் பக்கம் பாறை தலைகாட்டும் நிலத்தில் ஓடியிருந்தால் கால் வளைவு, சட்டி விளிம்பில் பிளவு, சட்டத்தில் வெல்டிங் ஒட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். சரளைச் செவலில் ஓடியதென்றால் சட்டி சீக்கிரம் தேய்ந்து குறுகியிருக்கும், சட்டம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். கரிசலில் ஓடியது அடி வாங்கியிருக்காது. ஆனால் ஈரக் கரிசல் அப்பி அப்பி மண் வழிக்கும் தகடு வளைந்திருக்கும், பேரிங்கை மூடும் சீலுக்குள் சேறு போயிருக்கும். நஞ்சையில் தண்ணீர் கட்டி ஓட்டிய கலப்பை என்றால் பேரிங் போய்விட்டதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கலப்பைக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. யாருடையது என்று காட்ட பில் ஒன்றுதான் சாட்சி. மானியத்தில் வாங்கியதாக இருந்தால் இத்தனை வருடத்துக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கக்கூடும், அதையும் விசாரியுங்கள். பில் இல்லாவிட்டால் விற்பவர் கையெழுத்தோடு ஒரு ரசீதாவது எழுதி வாங்குங்கள்.

உங்கள் டிராக்டருக்குப் பொருந்துமா

35 முதல் 40 ஹெச்.பி. டிராக்டருக்கு இரண்டு சட்டி. 45 முதல் 50 ஹெச்.பி.க்கு மூன்று சட்டி. காய்ந்த கரிசலில் 45 ஹெச்.பி. மூன்று சட்டியை இழுக்கத் திணறும், பின்டயர் வழுக்கும், தூக்கும்போது முன்பக்கம் லேசாகும். அந்த மண்ணில் சந்தேகம் வந்தால் இரண்டு சட்டியோடு நில்லுங்கள்.

அடுத்து, கலப்பையை டிராக்டரில் மாட்டும் பின்களின் (pin) அளவு. சிறிய வகை இணைப்பில் கீழ்க்கை (டிராக்டரின் கீழ் இணைப்புக் கை) பின் 22 மி.மீ., டாப் லிங்க் (மேல் கை) பின் 19 மி.மீ. பெரிய வகையில் 28, 25 மி.மீ. கலப்பை சிறியது, டிராக்டர் பெரியது என்றால் பின்னுக்கு மேல் புஷ் போட்டுச் சமாளிக்கலாம். கலப்பை பெரியதாக இருந்து உங்கள் டிராக்டரின் கை முனையில் பின் நுழையும் உருண்டை சிறியதாக இருந்தால் உருண்டையையோ பின்னையோ மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துப் பேசுங்கள்.

பார்க்கும் முறை

புதிதாகப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் கலப்பையைக் கண்டால் கூடுதலாக உஷாராக இருங்கள். பெயிண்ட் வெல்டிங்கை மறைக்கும். டாப் லிங்க் மாட்டும் கோபுரத்தின் அடி, கால்கள் சட்டத்தோடு சேரும் இடம், கீழ்க்கைகள் மாட்டும் குறுக்கு ஷாப்ட் உட்காரும் பிடி ஆகியவற்றைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். பழைய கலப்பை உடைவது இந்த இடங்களில்தான்.

விரிசல் இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. சந்தேகப்படும் இடத்தைத் துடைத்து டீசலைத் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன டீசல் மெல்ல மேலே ஏறி, வெள்ளைப் பூச்சில் மயிரிழை போல ஒரு கறுத்த கோடு எழும். அந்தக் கோடு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்த்தாலே வெல்டிங் பட்டறையில் எவ்வளவு வேலை என்று தெரிந்துவிடும்.

கோணலைப் பார்க்க, சட்டத்தின் முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் இரும்புக்கும் இடைவெளி எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். மூன்று சட்டிக் கலப்பையில் முதல் சட்டியின் நடுவிலிருந்து இரண்டாவதின் நடு வரையும், இரண்டாவதிலிருந்து மூன்றாவது வரையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு கால் வளைந்திருக்கிறது. பின்னால் பத்தடி தள்ளிக் குனிந்து பாருங்கள். எல்லாச் சட்டியும் ஒரே சாய்வில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தலை சாய்த்து நின்றால் முதலில் அதன் போல்ட் துளையைப் பாருங்கள், வேறு துளையில் மாட்டியிருக்கலாம். துளை சரியாக இருந்தும் சாய்ந்திருந்தால் கால்தான் வளைந்திருக்கிறது.

புதுச் சட்டி வழக்கமாக 26 அங்குலம் அல்லது 24 அங்குலக் குறுக்களவில், 6 மி.மீ. தடிப்பில் இருக்கும். சட்டி அதன் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்குத்தான் ஒழுங்காக உழும். 22 அங்குலத்துக்குத் தேய்ந்துவிட்ட சட்டியிடம் 8 அங்குல ஆழம் கேட்டால் சட்டியின் நடுவில் பேரிங்கைத் தாங்கும் ஹப்பே மண்ணில் உரசும். எல்லாச் சட்டியும் ஒன்றுக்கொன்று ஒரு அங்குலத்துக்குள் இருக்கட்டும். ஸ்பானரால் தட்டிப் பாருங்கள். நல்ல சட்டி கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மண்பானை உடைந்தாற்போல் டொக்கென்று சொல்லும். போல்ட் துளை நீள்வட்டமாகியிருந்தால் அந்தச் சட்டியைக் கழித்துவிடுங்கள்.

பேரிங்குக்குக் கலப்பையைத் தூக்கிக் கட்டை கொடுத்து நிறுத்தி, சட்டியின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பிடித்து ஆட்டுங்கள். விளிம்பில் மூன்று நாலு மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் நட்டு தளர்ந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மணலை அரைப்பது போல் கைக்குத் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. சீல் ஓரத்தில் செந்நிறத் தண்ணீர் கசிந்த தடம் இருந்தாலும் அதே தீர்ப்பு.

பின்சக்கரத்தை மறக்காதீர்கள். சால் சக்கரம் என்பார்கள். சட்டிகள் மண்ணைப் பக்கவாட்டில் தள்ளும்போது எதிர்ப்பக்கம் வரும் தள்ளலைத் தாங்குவது அதுதான். அது இல்லாத கலப்பை டிராக்டரின் வாலைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே வரும், ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுகிறவருக்குத் தோள் கழன்றுவிடும். "அது இல்லாமலே ஓட்டலாம்" என்று விற்பவர் சொன்னால் சக்கரம், அச்சு, ஸ்பிரிங் மூன்றின் விலையையும் கழித்துப் பேசுங்கள்.

விலை

எடை மேடையில் ஏற்றி எடை போட்டுவிடுங்கள். இரண்டு சட்டிக் கலப்பை கால் டன்னுக்கு முன்பின்னாக இருக்கும், மூன்று சட்டி அதைவிட நூறு கிலோவுக்கு மேல் கூடும். அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்கினால் வருவதுதான் அடிவிலை, அதற்குக் கீழே யாரும் தரமாட்டார்கள். அதற்கு மேல் எவ்வளவு என்பதைச் சட்டம் எவ்வளவு நேராக இருக்கிறது என்பதை வைத்துப் பேசுங்கள். பிறகு மாற்ற வேண்டிய சட்டி, பேரிங், சீல், பின், போல்ட், லேத் கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள். மொத்தம் புதுக் கலப்பை விலையில் பாதியைத் தொட்டுவிட்டால் பழசை விட்டுவிடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் புதுக் கருவிக்கு 40 சதவீதமும், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வரையும் மானியம் உண்டு. பாதி விலையை ஒட்டிப் புதுசு கிடைக்கும்போது அதே காசுக்குப் பழசை வாங்குவது வீண்.

பிரித்தல்

கலப்பையைச் சமதரையில் இறக்கிச் சட்டத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுங்கள். ஹைட்ராலிக் தூக்கிப் பிடித்திருக்கும் கலப்பைக்கு அடியில் ஒருபோதும் கையோ தலையோ போகக் கூடாது. லிப்ட் இறங்க ஒரு நொடி போதும். சட்டியைத் தூக்கும்போது சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள். தேய்ந்த விளிம்பு அரிவாள் போலக் கூராக இருக்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு காலும் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மாட்டும்போது அந்தப் படம் அரைநாள் வேலையை மிச்சப்படுத்தும்.

துருப்பிடித்த நட்டில் டீசலை ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் சுத்தியலால் நட்டின் பட்டைகளில் நாலு தட்டு தட்டிவிட்டு, நீளமான பைப் மாட்டிய ஸ்பானரால் கழற்றுங்கள். அசையாவிட்டால் கேஸ் நெருப்பு காட்டலாம், ஹப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். சூட்டில் சீல் கருகும், உள்ளே கிரீஸ் எரியும். அங்கே நட்டைக் கிரைண்டரால் அறுத்தெடுப்பதே மேல். கழற்றிய போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். தலையில் 8.8 என்று பொறித்த புது போல்ட்டுகளை வாங்குங்கள். சாதா போல்ட் முதல் கல்லில் நீண்டு தளரும், தளர்ந்த போல்ட் துளையைத் தின்னும்.

ஹப் வேலை

சில மாடல்களில் ஸ்பிண்டில் (சட்டியின் அச்சு) நிற்கும், ஹப் சுற்றும். சிலவற்றில் ஸ்பிண்டிலே சட்டியோடு சுற்றும். இரண்டிலும் உள்ளே இரண்டு கூம்பு பேரிங்குகள் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும். மூடியைக் கழற்றி, நட்டைப் பூட்டியிருக்கும் காட்டர் பின்னை இழுத்து, நட்டை எடுத்தால் வெளிப்பேரிங் கையோடு வரும். சீல் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று கவனித்துவிட்டுப் பிடுங்குங்கள். புதுசும் அதே பக்கம் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் டீசலில் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். உருளையில் அம்மைத் தழும்பு போல் குழி, கப்பின் (பேரிங்கின் வெளிவளையம்) உள்பக்கம் உருளைகள் நின்ற இடத்தில் துருக்கோடு, சூட்டில் நீலம் பாரித்த நிறம், இதில் ஒன்று இருந்தாலும் மாற்றுங்கள். மாற்றும்போது உருளையும் கப்பும் சேர்த்துத்தான். கப் நன்றாக இருக்கிறதே என்று பழசை விட்டுவிட்டுப் புது உருளையை மட்டும் போட்டால் ஒரு மாதத்தில் அதுவும் போகும். சீர்செய்த கலப்பை திரும்பப் பட்டறைக்கு வருவதற்கு முக்கியக் காரணம் இந்தச் சிக்கனம்தான். பேரிங்கின் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். அதை எழுதிக்கொண்டு பழசையும் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

பழைய கப் வெளியே வர மறுத்தால், அதன் உள்பரப்பில் சுற்றிலும் ஒரு வரி வெல்டிங் ஓட்டுங்கள். ஆறும்போது கப் சுருங்கித் தானாகக் கழன்று விழும். புதுக் கப்பை நேரடியாகச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. பழைய கப்பின் வெளிப்பக்கத்தைச் சற்றுத் தேய்த்துக் குறைத்து, அதை மேலே வைத்துச் சுற்றிச் சுற்றி அடித்தால் கோணாமல் இறங்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் அடியின் ஓசை மாறும், அத்தோடு நிறுத்துங்கள்.

வீல் பேரிங்குக்குப் போடும் லித்தியம் கிரீஸ் போதும். உள்ளங்கையில் ஒரு குவியல் வைத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுத்தால் கிரீஸ் உருளைகளுக்கிடையே புகுந்து மறுபக்கம் புழுப்புழுவாய்ப் பிதுங்கும். சுற்றி வந்து எல்லா இடைவெளியிலும் பிதுங்கும் வரை செய்யுங்கள். ஹப்பின் உள்வெளியில் பாதி வரை கிரீஸ் இருந்தால் போதும்.

மாட்டிய பின் சட்டியைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். சட்டி கைக்குக் கனமாகச் சுற்றத் தொடங்கியதும் நிறுத்தி, ஆறில் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் தளர்த்துங்கள். ஆட்டமும் இருக்கக் கூடாது, இறுக்கமும் இருக்கக் கூடாது. காட்டர் பின் புதுசாகத்தான் போட வேண்டும்.

பேரிங் உட்காரும் இடத்தில் ஸ்பிண்டில் தேய்ந்து பளபளத்தால் பேரிங்கின் உள்வளையம் அதன்மேல் சுழன்றிருக்கிறது என்று பொருள். குத்துளியால் (பஞ்ச்) குத்திக் குத்தி மேடாக்கிப் பேரிங்கை ஏற்றும் வழக்கம் உண்டு, அது ஒரு பருவம் கூடத் தாங்காது. லேத் பட்டறையில் வெல்டிங் ஏற்றிக் கடைந்து சரிசெய்யலாம். புது ஸ்பிண்டில் கிடைத்தால் அதுவே நல்லது.

சட்டத்தின் விரிசல்

விரிசலின் இரண்டு நுனியிலும் 5 அல்லது 6 மி.மீ. துளை போடுங்கள், அதற்கு மேல் விரிசல் ஓடாது. பிறகு விரிசல் நெடுகக் கிரைண்டரால் வாய்க்கால் போல் வெட்டி, 7018 வெல்டிங் ராடால் நிரப்பச் சொல்லுங்கள். ராடு ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். மேலே தட்டு வைத்து ஒட்டும்போது சதுரத் தட்டு வேண்டாம். இரண்டு முனையும் கூம்பிய, மாவிலை மாதிரியான தட்டு வையுங்கள். சட்டத்துக்குக் குறுக்கே நேராக வெல்டிங் ஓடினால் அந்தக் கோட்டை ஒட்டியே அடுத்த விரிசல் விடும்.

வார்ப்பிரும்புப் பாகங்களுக்குச் சாதா ராடு ஆகாது, ஆறும்போதே பக்கத்தில் வெடிக்கும். துளை போட்டால் சுருளாக வருவது எஃகு, கறுப்பு மாவாக உதிர்வது வார்ப்பிரும்பு. அதற்கு நிக்கல் ராடு வேண்டும்.

சட்டியில் மட்டும் வெல்டிங் வேண்டவே வேண்டாம். அது பதம் போட்ட கடின எஃகு. வெல்டிங் சூட்டில் ஒட்டின் ஓரம் கண்ணாடி போல் ஆகி, கல்லில் பட்டதும் துண்டு தெறிக்கும். அந்தத் துண்டு பின்னால் வரும் ஆள் மேல் படலாம். சட்டியைத் தீட்டுவதானால் புடைத்த வெளிப்பக்கத்தில் மட்டும் கிரைண்டர் பிடியுங்கள், நீலம் ஏறவிடாமல் விட்டு விட்டுத் தீட்டுங்கள். விளிம்பு ஒன்றரை, இரண்டு மி.மீ. தடிப்பில் இருக்கட்டும். கத்தி போல் கூராக்கினால் சரளையில் பல் பல்லாய்ப் பெயரும்.

மண் வழிக்கும் தகட்டுக்கும் சட்டிக்கும் மூன்று முதல் ஐந்து மி.மீ. இடைவெளி விடுங்கள். உரசினால் சட்டி சுழலாது. கூடினால் கரிசல் அப்பிக்கொள்ளும். சட்டத்துக்கு ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, எனாமல் இரண்டு பூச்சு. சட்டியின் குழிந்த பக்கத்தில் பெயிண்ட் அடிக்காதீர்கள், மண் ஒட்டும்.

மாட்டி ஓட்டுதல்

இறக்கைக் கலப்பை (மோல்ட்போர்டு) தன் வடிவத்தால் மண்ணுக்குள் இறங்கும். சட்டிக் கலப்பை இறங்குவது எடையால். ஆழம் போதவில்லையென்றால் சட்டத்தின் மேல் எடை ஏற்றுவது அதனால்தான்.

உழும்போது வலது டயர் சாலுக்குள் ஓடும். அதனால் சிமெண்ட் தளத்தில் இடது டயருக்குக் கீழே உழவு ஆழத்தின் அளவுக்கு, 8 அங்குலத்துக்கு, கட்டை வைத்து நிறுத்திவிட்டு, சட்டம் தரைக்குச் சமமாக நிற்கும்படி வலது கீழ்க்கையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். டாப் லிங்கைக் குறைத்தால் முன்சட்டி ஆழமாக இறங்கும், நீட்டினால் பின்சட்டி இறங்கும். சட்டியின் சாய்வு 15 முதல் 25 பாகை வரை இருக்கலாம். காய்ந்து இறுகிய மண்ணுக்கு நிமிர்த்துங்கள், இளகிய மண்ணுக்குச் சாயுங்கள். முன்சட்டி வெட்டும் அகலத்தைக் குறுக்கு ஷாப்டைத் திருப்பி மாற்ற வேண்டும். சாலுக்கும் சாலுக்கும் நடுவில் உழாத மேடு நின்றால் அகலம் கூடிவிட்டது.

மண் பதத்தைக் கையால் பாருங்கள். ஒரு பிடி எடுத்து உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடைந்து சிதற வேண்டும். சப்பென்று ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.

பத்து நிமிடம் ஓட்டியதும் வண்டியை அணைத்துவிட்டு ஒவ்வொரு ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்க வைத்தால் நட்டு இறுக்கம், கொஞ்சம் தளர்த்துங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள், பத்து மணி நேரத்தில் இன்னொரு முறை. கிரீஸ் தினமும் வேலை முடிந்த பின், இரும்பு சூடாக இருக்கும்போதே அடியுங்கள். ஆறும் ஹப் ஈரத்தை உள்ளே இழுக்கும், முன்பே கிரீஸ் நிரம்பியிருந்தால் அதற்கு வழி இருக்காது.

டிராக்டர் ஒருபக்கம் இழுத்தால் பின்சக்கரத்தின் கோணத்தையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். ஒரு சட்டி மட்டும் சுழலாமல் மண்ணை உழப்பினால் வழிக்கும் தகடு உரசுகிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. கடைசிச் சட்டி மேலோட்டமாகக் கீறினால் டாப் லிங்கை ஒரு சுற்று நீட்டுங்கள்.

பருவம் முடிந்ததும் மண்ணைக் கழுவி, சட்டிகளில் எண்ணெய் தடவி, பின்சக்கர ஸ்பிரிங்கைத் தளர்த்தி, பலகை மேல் இறக்கி வையுங்கள். வெறுந்தரையில் வைத்தால் சட்டி விளிம்பு மண் ஈரத்தில் துருப்பிடித்து அடுத்த உழவுக்குள் அரித்துப் போயிருக்கும்.